அடீனியம் செடியில் பூ வரலையா? உரம் எப்போ போடணும்... எப்போ போடவே கூடாது? முழு விவரம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், ஏதாவது ஒரு மொட்டை மாடியில் அடீனியம் செடி கண்ணில் படும். அடித்தண்டு பானை மாதிரி உப்பியிருக்கும், உச்சியில் ரோஸ், சிவப்பு, வெள்ளை எனக் கொத்தாகப் பூ. சென்னை வெயிலுக்கு அசராது, இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. அதனால்தான் மாடித் தோட்டக்காரர்களுக்கு இது செல்லச் செடி.

ஆனால், நர்சரியில் பூத்துக் குலுங்கிய செடி வீட்டுக்கு வந்து சில மாதங்களில் பூக்காமல் நின்றுவிடும். உடனே டி.ஏ.பி., வாழைப்பழத் தோல், டீத்தூள் எனக் கையில் கிடைத்ததை எல்லாம் போடத் தொடங்குவோம். பல வருஷம் வளர்த்த செடி அழுகிப் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். உரம் குறைந்து சாகும் அடீனியத்தைவிட, உரமும் தண்ணீரும் அதிகமாகிச் சாகும் அடீனியமே அதிகம்.

அடீனியம் என்பது என்ன செடி?

இதைப் 'பாலைவன ரோஜா' என்று அழைத்தாலும் இதற்கும் ரோஜாவுக்கும் சம்பந்தம் இல்லை. நம்ம ஊர் அரளி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதிகளும் அரேபியாவும்தான் இதன் தாயகம். அங்கே மழை குறைவு, மண்ணில் சத்தும் குறைவு. அதனால் உப்பிய தண்டிலேயே தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் சாப்பாட்டில் வாழப் பழகிய செடிக்கு விருந்து வைத்தால் ஜீரணம் ஆகாது.

பூக்காததற்கு உரம்தான் காரணமா?

முதலில் பார்க்க வேண்டியது வெயில். அடீனியம் நன்றாகப் பூக்க தினமும் குறைந்தது 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் இருக்கும் அபார்ட்மென்ட் பால்கனியில் வைத்துவிட்டு எவ்வளவு உரம் போட்டாலும் பூ வராது. தண்டுதான் வெயிலைத் தேடி ஒல்லியாக நீளும்.

அடுத்தது மண். தண்ணீர் ஊற்றிய சில விநாடிகளில் தொட்டியின் அடியில் வடிய வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை பொருத்தமாக இருக்கும். தேங்காய் நார்க்கழிவு அதிகமானால் ஈரம் தங்கி வேர் அழுகும்.

வெயிலும் மண்ணும் சரியாக இருந்தும் பூ வரவில்லை என்றால்தான் உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பாக்கெட்டில் இருக்கும் 3 எண்கள் என்ன?

உர பாக்கெட்டில் 19:19:19, 18:46:0, 0:52:34 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இரண்டாவது மணிச்சத்து, அதாவது பாஸ்பேட். மூன்றாவது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். 19:19:19 உரம் ஒரு கிலோவில் மூன்று சத்துகளும் தலா 190 கிராம் இருக்கும்.

தழைச்சத்து இலையை வளர்க்கும். அது அதிகமானால் இலை பளபளவென்று வரும், பூ குறையும். இளம் தண்டு மென்மையாகி மாவுப்பூச்சியும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

'பூ வர மணிச்சத்து நிறைய போடணும்' என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் தொட்டிச் செடிக்கு மணிச்சத்து கொஞ்சம் போதும். தேவைக்கு மேல் சேர்ந்தால் இரும்பு, துத்தநாகச் சத்துகளைச் செடி எடுக்க முடியாமல் புது இலைகள் மஞ்சளாகும். டி.ஏ.பி. என்பது 18:46:0. அதில் சாம்பல் சத்தே கிடையாது. அதை மட்டும் மாதா மாதம் போட்டுக்கொண்டிருப்பது சரியல்ல.

எவ்வளவு போடணும்?

* தண்ணீரில் கரையும் 19:19:19 உரம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். அதாவது ஒரு டீஸ்பூன் உரத்தை 5 லிட்டர் தண்ணீரில் கரைக்கலாம். 15 நாளுக்கு ஒரு முறை போதும்.
* மொட்டு வைக்கும் சமயம்: ஒரு தடவை 19:19:19-க்குப் பதிலாக 13:0:45 உரத்தை அதே அளவில் கொடுக்கலாம்.
* ரசாயனம் வேண்டாம் என்பவர்கள்: 8 அங்குலத் தொட்டிக்கு 2 மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். மண் மாற்றும்போது ஒரு டேபிள்ஸ்பூன் எலும்புத்தூள்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. காய்ந்த மண்ணில் உரத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் நாள் சாதாரணத் தண்ணீர், மறுநாள் காலையில் உரம். ஏன்? மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? ரசாயன உரமும் ஒரு வகை உப்புதான். மண்ணில் அது அதிகமானால் வேரில் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். இலை நுனி கருகுவது அதன் முதல் அறிகுறி.

வாழைப்பழத் தோல், டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர் ஆகியவற்றை நேரடியாகத் தொட்டியில் போட வேண்டாம். மட்கும்போது ஈரம் தங்கும், பூஞ்சையும் கொசு போன்ற சிறு ஈக்களும் வரும். மட்க வைத்து உரமாக்கிய பிறகு போடலாம்.

போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா?

புறநகரில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர்தான். அது உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அந்த உப்போடு உர உப்பும் சேரும். அப்படிப் படிந்திருந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, பிடித்து வைத்த மழைநீரையோ மெட்ரோ வாட்டரையோ அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றி மண்ணை அலச வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். அதை அடீனியத்துக்கு ஊற்றவே கூடாது.

எந்த மாதத்தில் என்ன செய்யணும்?

* ஜனவரி கடைசி – பிப்ரவரி: கிளைகளைக் கவாத்து செய்து, மண் மாற்றலாம். புதுத் துளிர் வந்த பிறகு உரம் தொடங்கலாம்.
* மார்ச் – செப்டம்பர்: 15 நாளுக்கு ஒரு முறை உரம். மே மாத அக்னி நட்சத்திர நாட்களில் அளவைப் பாதியாக்கி, அதிகாலையில் மட்டும் கொடுக்க வேண்டும்.
* அக்டோபர் – டிசம்பர்: உரம் வேண்டாம்.

சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொட்டுவதுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மேற்குப் புறநகரின் பல பகுதிகளில் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். அந்த மாதங்களில் செடியின் வளர்ச்சி குறையும். ஈர மண்ணில் உரமும் சேர்ந்தால் வேர் அழுகல் நிச்சயம். தொட்டியை மழை படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்துக்கு நகர்த்துங்கள். இலை உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது ஓய்வு.

உப்பிய தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. லேசாக அமுங்கி, காய்ந்த மண்ணில் சுருங்கியிருந்தால் தாகம். ஈர மண்ணில் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். உடனே செடியைப் பிடுங்கி, அழுகிய பகுதியை வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு தடவி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி மறுபடி நட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

குழந்தைகள் இருக்கும் வீடா? கவனம்!

அடீனியம் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப் பயன்பட்டது இது. இதயத் துடிப்பைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் இதில் உள்ளன. கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணில் கை வைக்காதீர்கள். குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இலையைக் கடித்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பார்க்க சர்க்கரை மாதிரி இருக்கும் உர பாக்கெட்டையும் சமையலறையில் வைக்க வேண்டாம்.

புதுசா வாங்கிய செடிக்கு?

பூந்தமல்லி, ஆவடி சாலையோர நர்சரிகளில் வாங்கிய செடிக்கு முதல் ஒரு மாதம் உரம் தேவையில்லை. நர்சரியில் போட்டதே மண்ணில் இருக்கும். ஒட்டுச் செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போடும் உரத்தை எல்லாம் அதுவே சாப்பிட்டுவிடும்.

சந்தேகம் இருந்தால், கிண்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையத்தை அணுகலாம். உரம் வாங்கப் போகும் முன் ஒரு வாரம் செடியை வெயிலில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.