பதினொருவரைத் தேர்ந்தெடுத்த கதை

ஹாக்கியைப் பற்றி நான்கு பேர் கூடிப் பேசினால், பேச்சு ஆட்டத்தில் தொடங்கி ஆளைப் பற்றியதாக முடிவது வழக்கம். இன்னாரை ஏன் எடுத்தார்கள், இன்னாரை ஏன் விட்டார்கள் என்ற வாதம் பம்பாயின் தேநீர்க் கடைகளிலும், ஜபல்பூரின் ரயில்வே குடியிருப்புகளிலும், டில்லியில் அலுவலகம் முடிந்து திரும்பும் நண்பர்களிடையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலரும் அந்த வாதத்தில் கலந்துகொண்டவர்களே. இந்தியக் குழு எழுந்த விதம், விழுந்த விதம், மீண்டும் எழ முயன்ற விதம் ஆகியவற்றை இந்தத் தேர்வு என்னும் கோணத்திலிருந்து நோக்குவோம்.

1925-ல் குவாலியரில் இந்திய ஹாக்கி சம்மேளனம் தோன்றிற்று. மூன்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்துக்குக் குழு அனுப்ப வேண்டியிருந்தது. யாருடைய ஆட்டம் எத்தகையது என்று ஒரு மாகாணத்தார்க்கு மற்றொரு மாகாணத்தாரைப் பற்றித் தெரியாத காலம் அது. ஆகவே 1928-ல் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே ஒரு போட்டி நடத்தினார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், இராஜபுதனம், மத்திய மாகாணம் ஆகிய ஐந்தும் ஆடின. ஐக்கிய மாகாணம் வென்றது. அங்கே கண்ணாற் கண்டு பொறுக்கிய ஆட்டக்காரர்கள் பம்பாயில் கப்பலேறினர். வழியனுப்ப வந்தவர் மூவரே. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெய்பால் சிங் இங்கிலாந்தில் குழுவுடன் சேர்ந்து தலைமை ஏற்றார். அவர் சோட்டா நாகபுரியின் முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 29 கோல் போட்டது. எதிரணிகள் ஒரு கோல்கூடப் போடவில்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல் போட்டார். பம்பாய்க்குத் திரும்பியபோது வரவேற்கக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

1932-ல் ஒரு சங்கடம் எழுந்தது. தேர்வுக்காக நடந்த மாகாணப் போட்டியில் ஆட இராணுவம் தியான் சந்துக்கு விடுப்புக் கொடுக்கவில்லை. விதிப்படி, போட்டியில் ஆடாதவரை எடுத்தல் கூடாது. ஆயினும் தேர்வாளர்கள் அவரைச் சோதனையின்றியே எடுத்துக்கொண்டனர். இன்று கேட்டால் எவரும் சரி என்பர். ஆனால் அந்த ஆண்டில் இடம் கிடைக்காமற்போன ஒரு முன்னணி ஆட்டக்காரர் எவ்வாறு எண்ணியிருப்பார் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். தியான் சந்தின் தம்பி ரூப் சிங் முறைப்படி ஆடித் தேறிக் குழுவில் இடம் பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை இந்தியா 24-1 என்று வென்ற ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல் போட்டார்.

1936 பெர்லின் பயணத்தில் நடந்ததோ இன்னும் சுவையானது. பந்தயம் தொடங்குமுன் ஜெர்மானியருடன் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 4-1 என்று தோற்றுவிட்டது. தலைவராகச் சென்றிருந்த தியான் சந்துக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. தாயகத்திலிருந்து அலி இக்திதார் ஷா தாராவை உடனே அனுப்பும்படி செய்தி பறந்தது. விமானப் பயணம் பெரிதும் அரிதாக இருந்த அந்நாளில் தாரா ஆகாய மார்க்கமாகப் புறப்பட்டு, பிரான்ஸுடன் நடந்த அரையிறுதி ஆட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 15 அன்று இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. அதே தாரா, நாடு பிரிந்த பின்னர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாக்கிஸ்தான் குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரிவினை ஆட்டக்காரர்களையும் பிரித்துவிட்டது. கிஷன் லால் தலைமையில் சென்ற 1948-ம் ஆண்டுக் குழு, ஏறக்குறைய முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்ட குழுவே.

அந்த லண்டனில் பல்பீர் சிங் அர்ஜென்டினாவுக்கு எதிராக 6 கோல் போட்டுவிட்டு, பிறகு அமரவைக்கப்பட்டார். இறுதியாட்டத்துக்கு மீண்டும் அழைக்கப்பட்டு, பிரிட்டனை 4-0 என்று வென்றதில் 2 கோலுக்குச் சொந்தக்காரரானார். அவரை ஏன் அமரவைத்தார்கள் என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்தது. 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் ஒருவராகவே 5 கோல் போட்டு அவர் விடை சொன்னார்.

1960 ரோம் நகரில்தான் முதல் இடி விழுந்தது. தொடர்ந்து 30 ஒலிம்பிக் ஆட்டங்களில் வென்றுவந்த இந்தியா, இறுதியாட்டத்தில் பாக்கிஸ்தானிடம் 1-0 என்று தோற்றது. நான்காண்டுகளில் குழுவைச் சீர்செய்து, 1964-ல் டோக்கியோவில் அதே 1-0 கணக்கில், சரண்ஜித் சிங் தலைமையில், பாக்கிஸ்தானை வென்று தங்கத்தை மீட்டனர். கோல் போட்டவர் மொகிந்தர் லால்; கோலைக் காத்தவர் சங்கர் லட்சுமணன். இந்த இரு குழுக்களிலும், பின்னர் 1968 மெக்சிகோ குழுவிலும் ஆடியவர் சென்னைக்காரரான வி.ஜே. பீட்டர். வெள்ளி, தங்கம், வெண்கலம் என மூன்றும் அவர் வீட்டுக்கு வந்தன. மெக்சிகோவுக்குச் சென்றபோதோ தலைவர் யார் என்பதிலேயே தகராறு. குருபக்ஸ் சிங், பிருதிபால் சிங் இருவரையும் கூட்டுத் தலைவர்கள் ஆக்கினார்கள். இரண்டு மாலுமிகள் ஏறிய ஓடம் கரை சேர்ந்தது, ஆனால் மூன்றாவதாக.

1975 உலகக் கோப்பையை விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வும் பயிற்சியும் ஒரே மனிதரிடம் பொருந்தி அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. சம்மேளனத்துக்குள் பூசல் முற்றியிருந்த வேளை அது. பஞ்சாப் அரசு முன்வந்து பயிற்சிச் செலவை ஏற்க, சண்டிகரில் பல்கலைக்கழக வளாகத்தில் முகாம் நடந்தது. பொறுப்பேற்றவர் பழைய பல்பீர் சிங். குழுவின் தலைவர் அஜித்பால் சிங். முன்னணியில் பீட்டரின் தம்பி வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார்.

கோலாலம்பூரில் அரையிறுதியாட்டம் மலேசியாவுடன். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. இந்தியா 2-1 என்று பின்தங்கியிருந்தது. அப்பொழுது பல்பீர் சிங், அதுவரை ஓரமாய் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானைக் களத்தில் இறக்கினார். அந்த இளைஞர் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு, பெனால்டி கார்னரை அடித்துக் கோலாக்கினார். மேலதிக நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார். மார்ச் 15 அன்று இறுதியாட்டத்தில் முதலில் பாக்கிஸ்தான் முந்தியது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு மீண்டது. கோல் இல்லை என்று எதிரணியார் வாதாடினர். நடுவர் கோல் என்றார். அசோக் குமார் தியான் சந்தின் மகன். அஸ்லம் ஷேர் கானின் தந்தை அகமது ஷேர் கானோ, தியான் சந்துடன் பெர்லினில் ஆடியவர்.

மறு ஆண்டு மாண்ட்ரீலில் இந்தியா ஏழாம் இடம். ஆஸ்திரேலியா 6-1 என்று வென்றது. உலகக் கோப்பையை வென்ற குழு ஓராண்டில் எப்படி ஏழாவதாயிற்று? தவறான ஆட்களை எடுத்தார்கள் என்றே பலரும் சொன்னார்கள். என் எண்ணம் வேறு. மாறியது ஆள் அன்று, தரை. ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் அந்த ஆண்டில்தான் ஹாக்கி ஆடப்பட்டது. புல்தரையில் பந்து குதிக்கும், தடுமாறும். அதை அடக்கி, மணிக்கட்டின் நயத்தால் வளைத்துக் கொண்டுபோகிறவனே வல்லவன். நம்மவரின் கலை முழுவதும் அதில்தான் இருந்தது. செயற்கைத் தரையிலோ பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும். நீண்ட அடியும், ஓயாத ஓட்டமும், கட்டுடலும் அங்கே பலன் தரும். நம் நாட்டில் அப்பொழுது அத்தகைய தரை ஒன்றுகூட இல்லை. பழகாத தரையில் எந்தப் பதினொருவரை இறக்கினாலும் என்ன ஆகும்! 1980 மாஸ்கோவில் சென்னை வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றோம். பெருமைதான், ஆனால் பகிஷ்காரத்தால் பாக்கிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, ஹாலந்து போன்ற குழுக்கள் வராத பந்தயம் அது, ஆடியவை ஆறே குழுக்கள் என்பதை மறைப்பதற்கில்லை. 1982 டிசம்பர் 1 அன்று டில்லி ஆசிய விளையாட்டில் பாக்கிஸ்தான் 7-1 என்று வென்றது. 1986 லண்டன் உலகக் கோப்பையில் பன்னிரண்டு குழுக்களில் நாம் பன்னிரண்டாவது.

இந்த வறண்ட காலத்தில்தான் தன்ராஜ் பிள்ளை வந்தார். பூனாவை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் 1968-ல் பிறந்த தமிழ்ப்பிள்ளை அவர். தந்தை அங்கே விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். முறிந்த மட்டைகளை ஒட்டிக் கட்டி ஆடிப் பழகிய சிறுவன், நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை என்று ஆடி முடித்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில், அவர் பெயரைத் தம் வீட்டுப் பையன் பெயர்போல் சொல்லாதவர் குறைவு.

1998-ல் பாங்காக்கில் தன்ராஜ் தலைமையில் இந்தியா, தென்கொரியாவை வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைப் பெற்றது. நாடு மகிழ்ந்தது. சில வாரங்களில் அடுத்த குழுவின் பட்டியல் வந்தபோது தன்ராஜும் மூத்த ஆட்டக்காரர் வேறு பலரும் அதில் இல்லை. ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். பணம் பற்றியும் வசதி பற்றியும் வாய்திறந்ததற்குக் கிடைத்த பரிசு அது என்று நேயர்கள் பேசிக்கொண்டனர். தோற்ற குழுவைக் கலைப்பது உலகெங்கும் உண்டு. வென்ற குழுவைக் கலைத்ததற்கு நியாயம் தேடி நான் பலமுறை முயன்றும் கிடைக்கவில்லை. தன்ராஜ் பிறகு மீண்டும் அழைக்கப்பட்டு, 2004 ஏதென்ஸ் வரையில் ஆடினார். அந்த ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு பயிற்சியாளரையே மாற்றினார்கள். கிடைத்தது ஏழாம் இடம்.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில், தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழையவே இயலாமற்போயிற்று. பழைய சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டு, 2009-ல் ஹாக்கி இந்தியா என்னும் புதிய அமைப்பு வந்தது. ஆயினும் 2012 லண்டனில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, கடைசி இடம்.

அதற்குப் பின் நடந்த சீரமைப்பு ஆரவாரமற்றது. 2013-ல் தொடங்கிய ஹாக்கி லீக் பந்தயத்தில் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். மனிதரை ஏலம் போடுவதா என்று பெரியவர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன், ஹாலந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா நாட்டுப் புகழ்பெற்ற வீரரோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தான். அவர்கள் உடலைப் பேணும் முறையை அருகிலிருந்து கண்டான். 2016 டிசம்பரில் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. பெல்ஜியத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜித் சிங்கும் கோல் போட்டனர். 2018-ல் ஒடிசா அரசு தேசியக் குழுவின் செலவை ஆதரிக்க முன்வந்தது. ஒரு மாநில அரசு நாட்டின் குழுவைத் தாங்குவது, 1975 சண்டிகர் முகாமுக்குப் பின் காணக் கிடைத்த அரிய காட்சி.

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 16 பேர் பட்டியல் வந்தபோது வழக்கம்போல வாதம் மூண்டது. எஸ்.வி. சுனில் எங்கே, ஆகாஷ்தீப் சிங் எங்கே என்று கேட்டார்கள். லக்னோவில் கோல் போட்ட சிம்ரன்ஜித்தும் அந்தப் பதினாறில் இல்லை. மாற்று ஆளாகவே குறிக்கப்பட்டிருந்தார். பின்னர், கொள்ளைநோயை முன்னிட்டு ஒவ்வொரு நாடும் 18 பேரைப் பயன்படுத்தலாம் என்று ஒலிம்பிக் அதிகாரிகள் அனுமதித்ததால், அவரும் வருண் குமாரும் உள்ளே வந்தனர். 2021 ஜூலையில் ஆஸ்திரேலியா 7-1 என்று நம்மை வென்றது. டில்லியின் 1982-ஐ நினைத்து நெஞ்சம் பதைத்தவர் பலர். பயிற்சியாளர் கிரகாம் ரீட் குழுவைக் கலைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினை 3-0 என்று வென்றனர். ஆகஸ்ட் 5 அன்று வெண்கலத்துக்காக ஜெர்மனியுடன் ஆடியபோது 3-1 என்று பின்தங்கியிருந்து, 5-4 என்று வென்றனர். 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஐந்தில் இரண்டு கோல் போட்டவர், முதற்பட்டியலில் பெயர் இல்லாத சிம்ரன்ஜித் சிங்.

2023-ல் சொந்த மண்ணிலேயே நடந்த உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்து, 2024-ல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று மீண்டும் வெண்கலம் பெற்றனர். கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16-ம் எண் சட்டையை மூத்தோர் குழுவில் இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் இளையோர் குழுவின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்துடன், யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற பழைய வழக்கும் அவரைத் தேடி வந்து சேர்ந்தது.