பொறி அடுகோடியில், பிரேக் பாடியில்

இந்திய மோட்டார்த் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கமே நின்று எழுதினார்கள். உரிமம் யாருக்குக் கிடைத்தது, எந்த ஆண்டில் எந்த இயந்திரம் வந்தது, அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்பவை பதிவாயின. ஓடும் வண்டி எப்படி நின்றது என்ற கேள்வி பொதுவாக அடிக்குறிப்பில் முடிந்துவிட்டது. வேகக் கார்களின் பிரேக்கைச் சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஏற்ப மேம்படுத்தும் இன்றைய வழக்கத்தை நுகர்வு மோகம் என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் பின்னணியைத் தேடிப் போனால், தொழில்நுட்பமும் நிலவியலும் சட்டமும் ஒன்றையொன்று கவனிக்காமல் வளர்ந்த கதை கிடைக்கிறது. அக்கதையைத் தொடங்குவதற்குப் பெங்களூரின் அடுகோடி பொருத்தமான இடம்.

பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளையான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, மக்கள் வாயில் 'மைக்கோ', 1951-இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. அடுகோடித் தொழிற்சாலை ஸ்பார்க் பிளக்குக்கும் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் பெயர் பெற்றது. எரிபொருளைச் செலுத்துவதும் அதைப் பற்றவைப்பதும் அடுகோடியின் வேலை. நிறுத்துவது அதன் வேலையாக இருக்கவில்லை. அந்த வேலை சென்னைக்கு மேற்கே பாடிக்குப் போயிற்று. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தோன்றியது. தேய்மானப் பொருளான லைனிங் தயாரிக்க, 1964-இல் ரானே பிரேக் லைனிங் சென்னையில் வந்தது. பாஷின் பிரேக் தொழிலோ பின்னாளில் புனே வட்டாரத்தில் வேர்விட்டது. கல்யாணி பிரேக்ஸ் என்ற நிறுவனமே பாஷ் சாசிஸ் சிஸ்டம்ஸ் இந்தியா ஆயிற்று. ஆக, ஒரே வண்டியின் உந்துவிசைக்கு ஓர் ஊரும் தடைவிசைக்கு வேறோர் ஊரும் முகவரியாயின.

இதில் ஒரு முரண் உண்டு. தாய் நிறுவனமான பாஷுக்கு பிரேக் புதிதன்று. மிதிப்பவரின் கால்விசையை வெற்றிடத்தின் துணையால் பெருக்கும் கருவியை அது 1927-இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்புக்கு 1936-இல் காப்புரிமை கோரியது. ஆனால் சுதந்திர இந்தியாவுக்கு அன்று அவசரமாகத் தேவைப்பட்டவை லாரியும் டிராக்டரும் பம்பும். அறுபதுகளின் இந்தியச் சாலையில் ஓடிய அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்தது. அந்த வேகத்துக்கு அது போதும் என்றே தொழில் கருதியது. சாலையைப் பொறுத்தவரை அக்கருத்து பெரிதும் தவறில்லை.

தவறாகிப்போன இடம் பந்தயத் தடம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளமான சோழவரத்தில், 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. திருத்தியமைத்த ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. ஓடுதளம் என்றால் நீண்ட நேர்க்கோடு. அதன் முடிவில் திருப்பம். வேகம் முழுவதையும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திருப்பத்துக்கு முன்பு இறக்கி வைத்தாக வேண்டும். டிரம் பிரேக்கின் குறை அங்கேதான் வெளிப்படும். சூடேறும்போது டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் அதே நேரத்தில் குறைகிறது. மிதிப்பவரின் கால் கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

இச்சிக்கலுக்கான விடை வானூர்தியிலிருந்து வந்தது என்பது தற்செயலாக இருக்க முடியாது. வானூர்திதான் மிகுந்த எடையோடும் வேகத்தோடும் தரையிறங்கிக் குறுகிய தொலைவில் நின்றாக வேண்டிய வண்டி. டிஸ்க் பிரேக் என்ற எண்ணம் பழையது. லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் வானூர்திச் சக்கரங்களில் தேர்ந்த டன்லப் நிறுவனம் ஜாகுவார் சி-டைப் காருக்கு அதைப் பொருத்திய பின்பே மோட்டார் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ரேம்ஸ் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் வென்றார். மறு ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அதே வகைக் கார் முதலிடம் பெற்றது. டிஸ்க் சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகுவதில்லை. திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. மேம்பாட்டின் சாரம் வலுவாகப் பிடிப்பதில் இல்லை, சூட்டைத் தாங்குவதிலும் விரைவாக இழப்பதிலும் இருக்கிறது என்பதை அந்த இரண்டு வெற்றிகளும் காட்டின. பெங்களூரிலும் கோவையிலும் இன்று பிரேக்குக்குச் செலவிடுவோரில் பலர் இன்னும் இதை ஏற்கத் தயங்குகிறார்கள்.

கணக்காகவே பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 386 கிலோஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. 160 கிலோமீட்டரிலிருந்து நின்றால் 988 கிலோஜூல். வேகம் 1.6 மடங்கு கூடினால் வெப்பம் 2.56 மடங்கு கூடுகிறது. ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு பாகை சூடேற்ற ஏறக்குறைய அரை கிலோஜூல் வேண்டும். முன் சக்கரங்களின் இரு டிஸ்குகளும் சேர்ந்து 10 கிலோ என்றும், வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு அவற்றுக்கே போகிறது என்றும் கொண்டால், அந்த ஒரே நிறுத்தத்தில் அவை சுமார் 140 பாகை சூடேறும். சாலையில் அடுத்த பெரிய நிறுத்தம் வருவதற்குள் அது ஆறிவிடும். தடத்தில் அடுத்த திருப்பம் அரை நிமிடத்தில் வந்துவிடும். சில சுற்றுகளில் டிஸ்க் 500 பாகையைத் தாண்டுவது இப்படித்தான்.

முதலில் கைவிடுவது டிஸ்க் அன்று; பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸிலும், ஈரம் ஏறிய பின் 140 பாகையிலும் கொதித்துவிடலாம் என்று தரம் வரையறுத்திருக்கிறது. டாட் 4 வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரையைத் தொடும். ஆகவே பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் பெரிய டிஸ்க் வாங்கியவரைக் காட்டிலும், சில நூறு ரூபாய்க்குப் புது ஆயில் ஊற்றித் தடத்துக்குப் போனவர் பாதுகாப்பாகத் திரும்பியிருக்கக் கூடும். அடுத்த இடம் பேடுக்கு. அதற்கு அடுத்தது டிஸ்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் வழி. பெரிய டிஸ்கும் பல பிஸ்டன் கேலிப்பரும் வரிசையில் கடைசியில் நிற்பவை. அலாய் வீலின் இடைவெளி வழியே கண்ணுக்குத் தெரிவதால் முதலில் வாங்கப்படுபவையும் அவையே.

சாலைக்கும் தடத்துக்கும் இடையிலான பிளவு பேடில் கூர்மையாகிறது. பந்தயத்துக்கென்று செய்த பேட் சூடேறிய பின்பே நன்றாகப் பிடிக்கும். காலை ஒன்பது மணிக்கு அடுகோடி சிக்னலில் ஊர்ந்து நிற்கும் காரின் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. அங்கே தொழிற்சாலை பொருத்திய சாதாரண பேடே மேலானது. மேலை நாடுகளில் தடத்துக்குப் போகும் காரை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. இங்கே நிலவியல் வேறு விதமாக அமைந்துவிட்டது. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. கோவையின் செட்டிப்பாளையத்தில், எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கி மற்றொரு தடம் இருக்கிறது. பெங்களூர்க்காரர் இரண்டில் எதற்குப் போவதானாலும் ஓசூர் சாலையில் புறப்பட்டு, 300 கிலோமீட்டரோ அதற்கு மேலோ அதே காரை ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டே வீடு திரும்புகிறார். ஆகவே ஒரே பிரேக் காலையில் நெடுஞ்சாலைக்கும் நண்பகலில் தடத்துக்கும் இரவில் நகர நெரிசலுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. 'சாலைக்கும் தடத்துக்கும்' என்ற சொற்றொடர் இங்கே வாழ்நிலையின் விவரிப்பு.

பொருள் கிடைத்த வழியும் இதே பாதையைத்தான் தொட்டது. இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில், பெரிய வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தைச் சிறிய வண்டிக்குப் பொருத்தும் கைத்திறன் சென்னைப் புதுப்பேட்டையிலும் பெங்களூர் சிவாஜிநகர் குஜரிக் கடைகளிலும் வளர்ந்தது. ஜே.சி. ரோடு புதிய உதிரிப்பாகங்களின் தெருவாயிற்று. 2000-ஐ ஒட்டி ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6 ஆகியவை வந்தபோது நூறு குதிரைத்திறன் நடுத்தர வருவாய்க் குடும்பத்தின் எட்டும் தூரத்துக்கு வந்தது. சிட்டி விடெக்கின் பின் சக்கரங்களில் அப்போதும் டிரம்தான் இருந்தது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மெக்கானிக்குகள். அவர்களின் அறிவு எங்கும் எழுதப்படாதது. போலி பேடைக் கையில் எடுத்த உடனே இனங்கண்டவர்களும் அவர்களே.

சட்டம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2000-இல் வந்த திருத்தத்துக்குப் பின், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்றது. கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக நிலைநாட்டியது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. அலறும் சைலன்சரையும் நீட்டிய உடலமைப்பையும் மனத்தில் கொண்டு பார்த்தால் இதில் நியாயம் தெரிகிறது. ஆனால் வண்டியைக் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாக்கும் மாற்றத்தையும் ஆபத்தைக் குறைக்கும் மாற்றத்தையும் பிரித்தறியும் அளவுகோல் அதில் இல்லை. தேய்ந்த பேடுக்குப் பதில் தரமான வேறு பேட் போடுவது பராமரிப்பா, மாற்றமா? பெரிய டிஸ்க் எந்தப் பக்கம் சேரும்? சோதித்துச் சான்று தரும் வழி இருந்தால் இக்கேள்விகளுக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்கும். தனி உரிமையாளருக்கு அத்தகைய எளிய வழி இல்லாததால் அவை சாலையோரச் சோதனைகளிலேயே தீர்க்கப்படுகின்றன.

எனினும் சட்டத்தின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. அதற்குக் காரணம் ஏ.பி.எஸ். பாஷ் 1978-இல் மின்னணு ஏ.பி.எஸ். அமைப்பை மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அது 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. அதன் கட்டுப்பாட்டுக் கணினி குறிப்பிட்ட டிஸ்கையும் பிஸ்டனையும் டயரையும் கருத்தில் கொண்டு அளவுபடுத்தப்பட்டது. முன்பக்கம் மட்டும் பெரிய கேலிப்பர் பொருத்தினால் முன்பின் சமநிலை குலையும். பின் சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் நிற்கும். நிறுத்தத் தொலைவு கூடவும் கூடும். டயரின் பிடிமானத்தைத் தாண்டி எந்த பிரேக்கும் நிறுத்தாது என்பதால், ஒரே ஒரு அவசர நிறுத்தத்தில் பெரிய டிஸ்கால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் சொற்பம். அறுபதுகளின் மெக்கானிக் இரும்பை மட்டும் மாற்றினார். இன்று இரும்பை மாற்றுபவர் தாம் படிக்க முடியாத ஒரு மென்பொருளையும் சேர்த்தே குலைக்கிறார்.

அந்த மென்பொருள் உலகம் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று மறுபடியும் அடுகோடி. மைக்கோ 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. உற்பத்தி நகரத்துக்கு வெளியே பிடதிக்கு நகர்ந்தது. 76 ஏக்கர் அடுகோடி வளாகம் 2022 ஜூன் 30 அன்று தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. ஸ்பார்க் பிளக்கின் நினைவாக அதற்கு 'ஸ்பார்க்.நெக்ஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். வளாகத்துக்கு வெளியே, ஓசூர் சாலையில், சனிக்கிழமை விடியலில் இருங்காட்டுக்கோட்டைக்குப் புறப்படும் காரின் டிக்கியில் இரண்டாவது செட் பேடும், திறக்காத ஒரு டப்பா டாட் 4 ஆயிலும், ஜாக்கியும் இருக்கின்றன. தடத்தின் வாயிலில் பேடை மாற்றி, மாலையில் பழையதைத் திரும்பப் பொருத்திக்கொண்டு கிளம்புவார்கள்.