ஃபுராத் நதியோரம் ஜப்பானியப் படை

ஈராக்கின் தென்பகுதியில், ஃபுராத் நதியோரம் சமாவா என்றோர் ஊர் உண்டு. 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூருக்கு ஜப்பானியப் படைவீரர் சுமார் 600 பேர் வந்து சேர்ந்தனர். நீரைச் சுத்திகரித்து வழங்கினர், பள்ளிக்கூடங்களைச் செப்பனிட்டனர். அப்பகுதியின் காவற்பொறுப்போ முதலில் டச்சுப் படையினரிடமும், பின்னர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினரிடமும் இருந்தது. துப்பாக்கி ஏந்திய படைக்கு வேறொரு படை காவல் நின்ற இவ்விந்தைக்குக் காரணம் யாது?

1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவே காரணம். போரை என்றென்றைக்கும் துறப்பதாகவும், தரைப்படை, கடற்படை, வான்படை எதையும் வைத்துக்கொள்வதில்லை எனவும் அது அறிவித்தது. ஹிரோஷிமாவின் சாம்பல் ஆறுமுன் எழுதப்பட்ட வாக்குறுதி அது. எழுதத் தூண்டிய அமெரிக்காவே, 1950-இல் கொரியப் போர் மூண்டதும் ஜப்பான் மீண்டும் ஆயுதம் ஏந்தட்டும் என்றது. 1954-இல் ‘தற்காப்புப் படை’ பிறந்தது. படை என்று சொல்லாமல் படை அமைக்கும் கலை அன்றே தொடங்கிவிட்டது! எனினும் அவ்வாண்டே ஜப்பானிய நாடாளுமன்றத்தின் மேலவை, இப்படை கடல் கடந்து செல்லலாகாது எனத் தீர்மானித்தது.

அத்தீர்மானத்தை அசைத்தது 1991 வளைகுடாப் போர். ஜப்பான் 1,300 கோடி டாலர் கொடுத்தது, ஆள் அனுப்பவில்லை. விடுதலை பெற்ற குவைத், தனக்கு உதவிய நாடுகளுக்கு நன்றி கூறி அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் வெளியிட்டது. அதில் ஜப்பானின் பெயர் இல்லை. பணம் கொடுத்தவன் பந்தியில் இடம் பெறாத அவமானத்தை அந்நாட்டு ஆட்சியாளர்கள் மறக்கவேயில்லை. 1992-இல் அமைதிப் பணிக்கான சட்டம் நிறைவேறியது; கம்போடியாவுக்குப் பொறியியல் படை சென்றது.

இதுவரை நமக்கும் பெரிய மறுப்பில்லை. ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ், சண்டை ஓய்ந்த நாட்டில் பாலம் கட்டுவது போராகாது. ஈராக்கின் நிலை வேறு. அங்கே போர் ஓயவில்லை. படை செல்லும் பகுதி போர் நடவாத பகுதியாக இருத்தல் வேண்டும் என்றது சட்டம். அப்பகுதி எது என்று நாடாளுமன்றத்தில் வினவியபோது, தற்காப்புப் படை இருக்கும் இடமே போர் நடவாத இடம் என்னும் பொருள்படப் பிரதமர் கொய்சுமி விடையளித்தார். சட்டத்திற்கு ஏற்ப இடத்தைத் தேடாமல், இடத்திற்கு ஏற்பச் சட்டத்தை வளைத்த விடை இது.

2004 ஏப்ரலில் மூன்று ஜப்பானியக் குடிமக்கள் ஈராக்கில் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பக்தாதின் தெருவோரச் சிறார்களுக்குத் தொண்டு செய்துவந்த பெண். படை வெளியேற வேண்டும் என்றனர் பிடித்தோர், அரசு இணங்கவில்லை. ஈராக் உலமாக்கள் சங்கத்தின் முயற்சியால் ஒரு வாரத்தில் மூவரும் விடுதலையாயினர். தாயகம் திரும்பியவர்களைக் காத்திருந்ததோ ஆறுதல் அன்று. ‘எச்சரித்தும் ஏன் போனீர்கள்?’ என்ற ஏச்சு. ஆயுதமின்றி அன்பு காட்டச் சென்றவளை ஏசி, ஆயுதத்துடன் சென்றவரை வாழ்த்திய அக்காட்சி நம்மை இன்றும் வருத்துகிறது.

சமாவாவிலிருந்து 2006 ஜூலையில் தரைப்படை திரும்பியது. ஒரு குண்டும் சுடவில்லை. சண்டையில் ஒருவரும் மாளவில்லை. இதனைக் காட்டி, அஞ்சியது நடக்கவில்லையே என்பார் உண்டு. ஆனால் வான்படை தொடர்ந்து குவைத்திலிருந்து பக்தாதுக்குப் பறந்தது. ஆயுதம் தாங்கிய அயல்நாட்டு வீரர்களைச் சுமந்து சென்றது. தண்ணீர் கொடுப்பதும் இதுவும் ஒன்றாகுமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். நகோயா உயர்நீதிமன்றமும் 2008 ஏப்ரலில், பக்தாதுக்கு வீரர்களை ஏற்றிச்சென்றது 9-ஆம் பிரிவுக்கு முரண் என்றது. வழக்குத் தொடுத்தோரின் கோரிக்கைகளையோ தள்ளுபடி செய்தது. தீர்ப்பில் வென்ற அரசு மேல்முறையீடு செய்ய வழியில்லை. காரணவுரையில் தோற்றதை அது பொருட்படுத்தவுமில்லை. அவ்வாண்டின் இறுதியில்தான் விமானங்கள் திரும்பின.

2015-இல் புதிய பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. நட்பு நாட்டுக்காகவும் குறித்த சில நிலைகளில் ஜப்பான் போரிடலாம் என்றாயிற்று. 9-ஆம் பிரிவின் சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2018-இல், இல்லையென்று அரசு கூறியிருந்த ஈராக் படையின் அன்றாடக் குறிப்பேடுகள் வெளிவந்தன. போர் நடவாத பகுதி எனப்பட்ட சமாவாவைப் பற்றிய பக்கங்களில், ‘சண்டை’ என்ற சொல்லை அங்கிருந்த வீரர்களே எழுதி வைத்திருந்தனர்.