பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரு பொதுத் தேர்வுகள்: கற்றல் ஆர்வம் கூடுமா?

ஸ்ரீ விஜயபுரத்தை (முன்னாள் போர்ட் பிளேர்) அடுத்த டாலிகஞ்ச் உள்ளிட்ட அந்தமான் பகுதிகளின் அரசுப் பள்ளிகள், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன.

தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் பரிந்துரைப்படி, 10-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வை 2026 முதல் ஆண்டுக்கு இருமுறை நடத்த வாரியம் முடிவு செய்தது. பிப்ரவரித் தேர்வு கட்டாயம். மதிப்பெண்ணை உயர்த்த விரும்புவோர், மே மாதத்தில் மூன்று பாடங்கள் வரை மீண்டும் எழுதலாம். வினாத்தாளில் 50 சதவீதம், கற்றதைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கிறது.

ஒரே தேர்வில் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடுமோ என்ற அச்சத்தை இது குறைக்கும். எனினும், அச்சம் குறைவது மட்டுமே ஆர்வம் ஆகிவிடாது. கற்பித்தல் முறை மாறாவிடில், இரண்டாவது வாய்ப்பும் மற்றொரு மனப்பாடப் பயிற்சியாகவே முடியும்.