காலை டிபன் முதல் வியாழக்கிழமை மாத்திரை வரை: அரசு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் என்னென்ன கிடைக்கும்?

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை பக்கம் மல்லி பறிக்கும் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர்ந்தால்தான் விலை. மில்லில் காலை ஷிப்டுக்குப் போகும் அம்மாக்களுக்கும் இதே ஓட்டம்தான். அடுப்பு மூட்ட நேரமில்லாத வீட்டில், பிள்ளை ஒரு டம்ளர் டீயோடு பள்ளிக்குக் கிளம்பிடும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

இதற்காகத்தான் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் முழுக்க சில ஏற்பாடுகள் இருக்கின்றன. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

காலையில் என்ன?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

திங்கள் முதல் வெள்ளி வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள் மாறி மாறி வரும். கூடவே காய்கறி சாம்பார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. அரிசி உப்புமாவுக்குப் பதில் பொங்கல், சாம்பார் தரப்படும் என்று 2025-ல் அறிவிப்பு வந்தது.

சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தன் பிள்ளையும் அதே பந்தியில் உட்காரும்போது, கைப்பக்குவத்தில் அக்கறை தானாக வந்துவிடும் இல்லையா?

மதியம் என்ன?

சத்துணவில் வாரம் 5 நாளும் முட்டை உண்டு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என ஆரம்பித்த முட்டை, 2010-ல் வாரம் ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். செவ்வாய்க்கிழமை பயறு அல்லது கொண்டைக்கடலை, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு கூடுதலாகக் கிடைக்கும்.

வியாழக்கிழமை மாத்திரை எதற்கு?

ரத்தசோகையைத் தடுக்க வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம். 45 மில்லி கிராம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் இதில் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், வயிற்று வலி வரலாம். அதனால் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

ஆனால் ஒன்றுக்கு மேல் கூடவே கூடாது. 2023-ல் ஊட்டியில் போட்டி போட்டு இந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட 8-ம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரிழந்தார். இது மிட்டாய் இல்லை என்பதை வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்தால் வாங்கி வைத்துவிட்டு ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

வகுப்பறையில் என்ன?

2022 ஜூன் முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. பாட்டு, கதை, பொம்மலாட்டம், விளையாட்டு வழியாகப் பாடம். பிள்ளையின் கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று படிகள். பிள்ளை ‘அரும்பு’ என்றால் மக்கு என்று அர்த்தமில்லை, இப்போதுதான் தொடங்குகிறது என்று அர்த்தம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* காலை டிபன் முதல் மணிக்கு முன்பே முடிந்துவிடும். பிள்ளையை நேரத்தோடு அனுப்புங்கள்.
* சாயங்காலம் “என்ன படிச்ச?” என்பதோடு “என்ன சாப்பிட்ட?” என்றும் கேளுங்கள்.
* எந்த உணவாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.
* உணவில் குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.
* பள்ளி தொடர்பான புகார், ஆலோசனைக்கு 14417. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

பூப்பறிக்கப் போன அம்மா வீடு திரும்பும்போது பிள்ளை பள்ளியில் இருக்கும். அது சாப்பிட்டிருக்கும் என்ற நிம்மதி அந்த அம்மாவுக்கு வேண்டும். தட்டில் என்ன வருகிறது என்று ஊரே கவனித்தால்தான் அந்த நிம்மதி நிலைக்கும்.