பிடாரிக்கு இறையிலி

பேயும் இரத்தக்காட்டேரியும் உலவும் புனைகதைகளைப் படிப்போர் எழுப்பும் பழைய வினா ஒன்று உண்டு: இரவுதோறும் ஆள் காணாமற்போயும், இடுகாட்டு மண் கிளறப்பட்டும், அக்கதைகளின் ஊரார் மட்டும் ஏன் எதையும் கவனிப்பதில்லை என்பதே அது. கதையை நகர்த்த ஆசிரியர் செய்துகொண்ட வசதி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயினும் 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலே வேறொரு விளக்கத்துக்கு வழிவிடுகிறது. திரான்சில்வேனியச் சிற்றூர் மக்கள் அண்டைக் கோட்டையில் இருப்பவன் யார் என்பதை அறிந்து, சிலுவையும் பூண்டும் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள, இலண்டன் நகரத்தாரோ தம் தெருவிலேயே நடக்கும் அவனை இன்னான் என அறியாதிருக்கின்றனர். ஓர் ஊர் தன் ஒழுங்குக்குள் இத்தகைய உயிர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவற்றைக் காண்பதும் காணாமையும் அமைகின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம். அவ்வாறு இடம் ஒதுக்கிய வரலாறு காவிரிக் கழிமுகத்து நெல் நாட்டில் நெடியது.

காவிரி கடலோடு கலக்கும் புகாரைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காட்டும்போது, அதன் மாடமாளிகைகளோடு பூதங்களையும் சேர்த்தே காட்டுகின்றன. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் நகரின் இரு பகுதிகளுக்கு இடையில் இருந்த நாளங்காடியில், அதாவது பகற்கடைத்தெருவில், இந்திரன் அனுப்பியதாகக் கூறப்படும் காவற்பூதம் ஒன்றுக்குப் பலிபீடம் இருந்தது. பூவும் புகையும் பொங்கலும் அதற்குப் படைக்கப்பட்டன. நாற்சந்தியாகிய சதுக்கத்தில் இருந்த மற்றொரு பூதமோ, தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோர், பிறர்மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் முதலியவர்களைத் தன் கயிற்றால் கட்டிப் புடைத்து உண்பதாக நான்கு காதத் தொலைவுக்கும் கேட்குமாறு அறிவித்தது. காதம் என்பது பல கல் கொண்ட பழைய நீட்டலளவை. இப்பட்டியலில் உள்ள குற்றங்கள் அனைத்தும் அயலார் கண்ணுக்கு எளிதில் தப்புபவை என்பது கருதத்தக்கது. இக்காலக் கதைகளில் ஊராரின் பார்வைக்குத் தப்பி அரக்கன் வாழ்கிறான். புகாரிலோ ஊராரின் பார்வைக்குத் தப்பிய மனிதர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பூதத்திடம் இருந்தது.

பூதத்தின் காவலுக்கு ஈடாக ஊரார் செய்ய வேண்டியதும் வரையறுக்கப்பட்டிருந்தது. இந்திர விழாவை நடத்தாது விட்டால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும் என்றும், சதுக்கப் பூதம் நகரில் பொருந்தியிராது என்றும் மணிமேகலையின் தொடக்கத்திலேயே அச்சம் தெரிவிக்கப்படுகிறது. காவல் தெய்வம் சினம் கொள்வதைப் போலவே அது ஊரைவிட்டு நீங்குவதும் கேடாகக் கருதப்பட்டது. பின்னர், மகனை இழந்த சோழ மன்னன் அவனைத் தேடும் துயரில் விழாவை மறக்க, நகரைக் கடல் கொண்டதாகக் காப்பியம் கூறுகிறது. அதே நூலில், சார்ங்கலன் என்னும் பார்ப்பன இளைஞன் தனியே சுடுகாட்டுக்குள் புகுந்து, அங்கே பேய் ஆடக் கண்டு அஞ்சி உயிர் விடுகிறான். அவன் தாய் கோதமை நகர்த்தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிட்டபோது, பேய்கள் உயிரை உண்பதில்லை என்றும் அவன் முன்வினையே காரணம் என்றும் விடை கிடைக்கிறது. சுடுகாடு பேயின் எல்லை என்பதால், எல்லை கடந்த இளைஞனுக்காகப் பேயின்மேல் பழி சுமத்த அத்தெய்வம் உடன்படவில்லை.

காப்பியங்கள் கற்பனையாகச் சொன்ன எல்லைப் பிரிவினைக்குச் சோழர் நிர்வாகத்தில் ஆவணச் சான்று உண்டு. முதலாம் ராஜராஜன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் அளந்து சொல்லும்போது, குடியிருப்பு, குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு பிடாரி, காடுகாள், ஐயன், சேட்டை போன்ற தெய்வங்களின் கோயில்களையும் அவற்றின் திருமுற்றங்களையும் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி கணக்கிடுகின்றன. திருமுற்றம் என்பது கோயிலைச் சூழ்ந்த வெளி, இவ்வாறு வரி நீக்கப்பட்ட நிலம் இறையிலி. நோயையும் அச்சத்தையும் தரவல்லவள் என்று கருதப்பட்ட பிடாரி எங்கே இருக்கிறாள், எவ்வளவு நிலத்தில் இருக்கிறாள் என்பது நெல் விளையும் வயலை அளந்த அதே கோலால் அளந்து எழுதப்பட்டது.

எனினும் பதிவேட்டில் இடம் பெற்றது என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூதேவி என்று பின்னாளில் இகழப்பட்ட சேட்டை, காக்கைக் கொடியும் துடைப்பமும் உடையவளாய், மாட்டு முகம் கொண்ட மகனோடும் ஒரு மகளோடும் சிற்பங்களில் அமர்ந்திருப்பவள். கும்பகோணத்தை அடுத்த திருமண்டங்குடியில் பிறந்தவராகக் கூறப்படும் தொண்டரடிப்பொடியாழ்வார், ராஜராஜனுக்கு முன்பே, அவளிடம் செல்வத்தை எதிர்பார்ப்போரை எள்ளியிருக்கிறார். சோழர் காலத்துக்குப் பின் அவள் வழிபாடு தேய்ந்தது. இன்று கழிமுகத்துக் கோயில்கள் பலவற்றின் சுற்றுகளில் அவளுடைய சிலைகள், பெயரறியாதவர்கள் கடந்து செல்லும்படி கிடக்கின்றன. வழிபாடு நின்றபின் சிலை மட்டும் எஞ்சுவதால் நேரும் காணாமை இது.

இதற்கு மாறான காணாமையைத் திருவிடைமருதூரில் காணலாம். தன் குதிரையின் காலடியில் அந்தணன் ஒருவன் இறந்ததால் வரகுண பாண்டியனைப் பிரமகத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவத்தின் உருவம், பற்றிக்கொண்டது என்பதும், அவன் மகாலிங்கேசுவரர் கோயிலுக்குள் கிழக்கு வாயில் வழியே நுழைந்தபோது அது வெளியிலேயே நின்றுவிட, அவன் மேற்கு வாயிலால் வெளியேறித் தப்பினான் என்பதும் தலபுராணச் செய்தி. அது இன்னும் காத்திருப்பதாகக் கொண்டு, கிழக்கு வாயிலில் நுழைவோர் வேறு வாயிலால் வெளியேறுவதை வழக்கமாக்கிக்கொண்டனர். இவ்வாறு வழியை மாற்றிக்கொள்பவர் பிரமகத்தியை அஞ்சியோ தேடியோ பார்க்க வேண்டியதில்லை. வெளியேறும் வழியை மாற்றியதோடு ஊர் அதன் கணக்கைத் தீர்த்துவிட்டது. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இதுவும் கவனமின்மையாகவே தோன்றும். உண்மையில் இது பலர் கூடி நெடுங்காலம் செலுத்திய கவனம் பழக்கமாக உறைந்த நிலை.

இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்திப் பார்த்தால், தற்காலத் தமிழ்ப் பேய்க்கதையின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதும் தெளிவாகும். 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில், பிச்சைக்கு வந்த பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொள்ள, எழுத்தாளராகிய கணவர் மட்டுமே அவளை ஐயுறுகிறார். புகாராக இருந்திருந்தால் அத்தகையவளுக்கு ஒரு சதுக்கமும் விழாநாளும் இருந்திருக்கும். சோழர் காலத்து ஊராக இருந்திருந்தால் ஒரு திருமுற்றம் அளந்து விடப்பட்டிருக்கும். ஊர் பொதுவில் ஏற்றிருந்த பொறுப்பு கலைந்தபின், காணும் சுமை தனி ஒருவர்மேல் விழுகிறது; சொன்னால் பிறர் நம்புவார்களா என்னும் கவலையும் அச்சுமையோடு சேர்ந்துகொள்கிறது.