தென்கிழக்காசியாவின் முதுகுப் பைப் பாதை

பாங்காக்கில் தொடங்கி வடக்கே சியாங்மாய், அங்கிருந்து மேகோங் கரைக்குப் போய்ப் படகேறி லாவோஸின் லுவாங் பிரபாங், பிறகு வியட்நாமின் ஹனோய், கடற்கரையோரமாகத் தெற்கே சைகோன், மேற்கே திரும்பி கம்போடியாவின் அங்கோர், மறுபடி பாங்காக். நாளும் பணமும் மிச்சமிருந்தால் மலேசியா வழியே சிங்கப்பூர், இந்தோனேசியா. எந்தப் பயண நிறுவனத்தின் துணையும் இல்லாமல் முதுகில் ஒரு பையோடு தென்கிழக்காசியாவைச் சுற்ற நினைப்பவர் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. அவரவர் விருப்பத்தில் பிறந்த வழியாக இது தோன்றலாம். ஆனால் எந்த ஆண்டில் எந்த எல்லை திறந்தது, எது அடைபட்டது, எந்தப் போர் எங்கே விடுதிகளை விட்டுச் சென்றது, எந்தக் குடும்பம் தன் வீட்டு மாடியைத் தடுத்து வாடகை அறைகளாக்கியது என்பவைதாம் இந்த வழியை வகுத்தன.

அடித்தளம் காலனி ஆட்சிக் காலத்தில் விழுந்தது. மலாயாவின் ரயில் பாதையும் சயாமின் தெற்கு ரயில் பாதையும் 1918-ல் பாடாங் பெசாரில் இணைந்தன. 1924-ல் ஜொகூர் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் வரை தரைவழி தொடர்ச்சியாகிவிட்டது. தோட்டத் துரைகளும் அதிகாரிகளும் வணிகர்களும் போய்வர அமைந்த பாதை அது. அதே வழியில்தான் ஐம்பது ஆண்டுகள் கழித்து முதுகுப் பையோடு இளைஞர்கள் போனார்கள்.

ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே இங்கு வந்துசேர முடியும் என்று 1955-56-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் காட்டினார்கள். இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ ஆறு மாதத்தில், பர்மாவின் காட்டுச் சாலை வழியே சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அந்த வாசல் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு பர்மாவின் தரை எல்லைகள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அடைபட்டன. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இஸ்தான்புல், காபூல், டெல்லி என்று பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவர்கள் கல்கத்தாவில் நின்றுவிட வேண்டியிருந்தது. அங்கிருந்து பாங்காக்குக்கு விமானம். இல்லையென்றால் சென்னையிலிருந்து கப்பல். ரஜூலாவும் பின்னர் எம்.வி. சிதம்பரமும் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தன. ரஜூலா நாகப்பட்டினத்திலும் நின்று ஆளேற்றியது. மலாயா தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த கப்பல் தடம் இது. அவர்களின் பாயும் டிரங்குப் பெட்டியும் பரவிக் கிடந்த மேல்தளத்தில் வெள்ளைக்கார இளைஞர்களும் படுத்து வந்தார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமும் முடிந்தது.

பர்மாவும் முழுக்கக் கதவடைக்கவில்லை. விமானத்தில் வந்து இறங்குபவருக்கு எழுபதுகளில் ஏழு நாள் விசா கிடைத்தது. ரங்கூன், மாண்டலே, பாகன், இன்லே ஏரி ஆகிய நான்கையும் அந்த ஏழு நாளுக்குள் அடக்குவதுதான் அக்காலத்துப் பயணத் திட்டத்தின் கடினமான கணக்கு. ஒரு ரயில் தவறினால் ஓர் ஊர் போயிற்று. செலவுக்கும் ஒரு வழி வாய்மொழியாகப் பரவியிருந்தது. பாங்காக் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் ஒரு பாட்டில் ஜானி வாக்கர் விஸ்கியும் ஒரு பெரிய கட்டு 555 சிகரெட்டும் வாங்கிக்கொள்வார்கள். ரங்கூனில் இறங்கியதுமே டாக்சிக்காரரோ தெருவில் எதிர்ப்படுபவரோ விலை கேட்பார். அதை விற்று வந்த உள்ளூர்ப் பணம் ஏழு நாள் செலவில் பெரும்பகுதிக்குப் போதும். நாணயத்தின் அரசு மதிப்புக்கும் கள்ளச்சந்தை மதிப்புக்கும் இடையே அவ்வளவு இடைவெளி. அந்நாட்டு மக்களின் நெருக்கடியே பயணியின் மலிவாக மாறியது. இந்தப் பாதையின் வரலாற்றில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கசப்பான உண்மை இது.

இத்தகைய தகவல்கள் முதலில் வாயிலிருந்து வாய்க்குப் பரவின; பிறகு விடுதிச் சுவர்களில் ஏறின. அச்சில் ஏற்றியவர்களில் முக்கியமானவர்கள் டோனி வீலர், மோரீன் வீலர் தம்பதி. 1972-ல் லண்டனிலிருந்து ஒரு பழைய மினி வேனில் கிளம்பி, அதைக் காபூலில் விற்றுவிட்டு, மிச்ச வழியைக் கிடைத்த வாகனங்களில் கடந்து, ஆண்டு முடியும் தறுவாயில் சிட்னி சேர்ந்தபோது அவர்கள் கையில் இருந்தது 27 சென்ட். எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதிலே 1973-ல் ‘அக்ராஸ் ஏசியா ஆன் த சீப்’ என்ற சிறு நூலானது. லோன்லி பிளானட் பதிப்பகம் அதிலிருந்து பிறந்தது. அடுத்து ஒரு மோட்டார் சைக்கிளில் தென்கிழக்காசியாவைச் சுற்றி வந்து, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு மலிவான சீன விடுதியில் அறையெடுத்து எழுதி முடித்த நூல் ‘சவுத்-ஈஸ்ட் ஏசியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்’. மஞ்சள் அட்டையோடு 1975-ல் வந்தது. எந்த எல்லையில் எத்தனை நாள் அனுமதி, எந்த ஊரில் எந்தத் தெருவில் படுக்கை கிடைக்கும், பஸ்ஸுக்கு எவ்வளவு என்ற விவரங்கள் ஒரே இடத்தில் கிடைத்ததும் முன்பு துணிச்சல்காரர்கள் மட்டும் செய்த பயணத்தைச் சாதாரண மாணவரும் வீட்டிலிருந்தே திட்டமிட முடிந்தது. அதே நூல் எல்லாரையும் ஒரே தெருவுக்கும் அனுப்பியது.

நூல் வந்த அதே 1975-ல் நிலப்படம் பாதியாகச் சுருங்கியது. ஏப்ரலில் கம்போடியாவின் நாம் பென்னும் வியட்நாமின் சைகோனும் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்ந்தன. டிசம்பரில் லாவோஸில் முடியாட்சி ஒழிந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து விமானமேறி போர்த்துகீசியத் தைமோரின் பாவ்காவில் இறங்கி, டிலி வழியே இந்தோனேசியத் தீவுகளைக் கடப்பது அதுவரை மலிவான வழியாக இருந்தது. டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை தைமோருக்குள் புகுந்ததும் அதுவும் போயிற்று. மேற்கே, 1979-ல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் ஐரோப்பா–ஆசியத் தரைவழியையே அறுத்தன. லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவில் இருந்த இடைவழியாக அல்லாமல், தென்கிழக்காசியா தனியொரு பயணமாக உருவெடுத்தது இதற்குப் பிறகுதான். எஞ்சிய வழி தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா.

அதன் தலைவாசல் பாங்காக். வியட்நாம் போரின்போது ஓய்வு விடுப்பில் வரும் அமெரிக்கப் படைவீரர்களுக்காக அங்கே பல ஓட்டல்கள் எழுந்தன. படைகள் விலகியதும் காலியான அறைகள் குறைந்த வாடகைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான மலேசியா ஓட்டல் எழுபதுகளில் பயணிகளின் கூடுமிடமானது. அறையைவிட அங்கிருந்த அறிவிப்புப் பலகைக்குத்தான் மதிப்பு அதிகம். துணைக்கு ஆள் தேடும் சீட்டு, விற்பனைக்கு இருக்கும் விமான டிக்கெட், எந்தத் தூதரகத்தில் விசா சுலபம், எந்தத் தரகர் ஏமாற்றுவார் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும்.

எண்பதுகளில் கூட்டம் பங்லம்பூ பகுதியின் காவ்சான் சாலைக்கு மாறியது. அரண்மனைக்கும் பெரிய கோயில்களுக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்த, அரிசி வணிகம் நடந்த பழைய தெரு அது. 1982-ல் பாங்காக்கின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு வந்து குவிந்தவர்களுக்கு ஓட்டல்கள் போதவில்லை. அங்கிருந்த குடும்பங்கள் மர வீடுகளில் பிளைவுட் தடுப்பு வைத்து அறை பிரித்தன: ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, கூடத்தின் கோடியில் பொதுக் குளியலறை. பக்கத்து அறையில் புரண்டு படுப்பதும் கேட்கும். வீட்டுக்காரம்மா காலையில் வாழைப்பழப் பான்கேக் சுட்டுத் தருவார். தாய் உணவில் இல்லாத அந்தப் பலகாரத்தின் பேரால்தான் பின்னாளில் முழுப் பாதையையே அழைத்தார்கள். வாசலில் ஒரு மேசை போட்டு விசாவும் பஸ் டிக்கெட்டும் எடுத்துக்கொடுக்கும் தொழில் அடுத்து வந்தது. ‘சுதந்திரப் பயணம்’ என்பது நடைமுறையில் இந்தக் குடும்பங்களின் உழைப்பில் நடந்தது. வழிகாட்டி நூல்களை எழுதியவர்களின் பெயர் நிலைத்த அளவுக்கு இவர்கள் பெயர் நிலைக்கவில்லை என்பது பெரிய குறை.

தெற்கே அடுத்த நிறுத்தம் பினாங்கின் ஜார்ஜ்டவுன். தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயர் தாங்கிய சூலியா தெருவில் மலிவான சீன விடுதிகளும் பழைய புத்தகக் கடைகளும் தமிழ் முஸ்லிம்களின் நாணய மாற்றுக் கடைகளும் அடுத்தடுத்து இருந்தன. தாய்லாந்து விசா முடிந்தவர்கள் ரயிலேறி இங்கு வந்து, தாய் துணைத் தூதரகத்தில் புதிய விசா பெற்றுத் திரும்புவது வழக்கமானது. சிங்கப்பூரோ எழுபதுகளில் நீள்முடி ஆண்களை வரவேற்கவில்லை. அரசு அலுவலகங்களில் அவர்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சுவரொட்டியே ஒட்டினார்கள். அதற்கும் அப்பால் இந்தோனேசியாவில் சுமத்ராவின் தோபா ஏரி, ஜகார்த்தாவின் ஜாலான் ஜாக்சா, யோக்யகர்த்தா, பாலியின் கூத்தா என்று தங்குமிடங்களின் சங்கிலி நீண்டது.

1975-ல் அடைபட்ட பாதி எண்பதுகளின் இறுதியில் மெல்லத் திறந்தது. வியட்நாம் 1986-ல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் பயணிகளையும் உள்ளே விட்டது. ஆனாலும் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை மாகாணம் விட்டு மாகாணம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அது நீங்கியதும் சைகோனின் பாம் நூ லாவ் தெருவில் ‘ஓப்பன் பஸ்’ டிக்கெட் வந்தது. ஒரே சீட்டில் ஹனோய் வரை போகலாம். நடுவில் நாட்ராங், ஹோய் ஆன், ஹுவே என விரும்பிய ஊரில் இறங்கித் தங்கிவிட்டு வேறொரு நாள் ஏறிக்கொள்ளலாம். நீண்டு ஒடுங்கிய அந்த நாட்டின் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

லாவோஸ் 1989-ல் சுற்றுலாவுக்குத் திறந்தது. 1994 ஏப்ரல் 8 அன்று நாங்காய்க்கும் வியன்டியானுக்கும் அருகே, ஆஸ்திரேலிய உதவியோடு கட்டிய நட்புறவுப் பாலம் மேகோங்கின் இரு கரைகளையும் இணைத்தது. வடக்கே ஹுவாய்சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு நாள் படகுப் பயணம். இரவு பாக்பெங்கில் தங்க வேண்டும். சரக்கோடு உள்ளூர் மக்கள் போய்வந்த படகுகளில் பயணிகள் தொற்றிக்கொண்டதுதான் தொடக்கம்.

கம்போடியா கடைசியில் வந்தது. 1991 பாரிஸ் அமைதி உடன்படிக்கைக்குப் பின்னும் கண்ணிவெடிகளும் கெமர் ரூஜ் கிளர்ச்சிப் படைகளும் நாட்டுப்புறத்தில் இருந்தன. 1994-ல் ரயிலில் போன மூன்று வெளிநாட்டு இளைஞர்கள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். 1998-ல் பாய்பெட் எல்லை பயணிகளுக்குத் திறந்த பிறகே பாங்காக்கிலிருந்து அங்கோருக்குத் தரைவழி வந்தது. தொடக்கத்தில் சொன்ன வட்டம் முழுமையானது அப்போதுதான்.

அடுத்த மாற்றம் வானத்தில். டோனி பெர்னாண்டஸ் 2001-ல் கடன்பட்ட ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி மலிவு விமான நிறுவனமாக்கினார். இரண்டு நாள் பஸ் வழி இரண்டு மணி நேரமானது. மூன்று மாதம் தேவைப்பட்ட பயணத்தை மூன்று வாரத்தில் திட்டமிட்டார்கள். நடுவிலிருந்த சிற்றூர்கள் பல திட்டத்திலிருந்து விழுந்தன. பிரபலமான இடங்களோ தாங்க முடியாமல் திணறின. அலெக்ஸ் கார்லண்டின் 1996 நாவலான ‘த பீச்’ படமாக்கப்பட்ட தாய்லாந்தின் மாயா விரிகுடா, பவளப்பாறைகள் நாசமானதால் 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் கடும் கட்டுப்பாடுகளோடு திறந்தது.

இந்தப் பாதையில் நடந்தவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியர்கள், ஆஸ்திரேலியர்கள், வட அமெரிக்கர்கள், இஸ்ரேலியர்கள், ஜப்பானியர்கள். அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு வாசல்கள் எளிதில் திறந்தன. இந்தியருக்கு விசா மட்டுமல்ல, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் தடையாக இருந்தது. 1973-ன் கடுமையான சட்டத்துக்கு மாற்றான சட்டம் 2000-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பர் 1 முதலும் இந்தியருக்கு விசாவில்லா நுழைவு அளித்தபோது, சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பும் இளைஞருக்கும் இந்தப் பயணம் டிக்கெட் எடுத்ததும் கிளம்பக்கூடியதானது.

எல்லைகளின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2013 ஆகஸ்டில் தாய்லாந்திலிருந்து தரைவழியே மியன்மாருக்குள் போக நான்கு சாவடிகள் திறந்தன. 2021 ராணுவப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்நாட்டை மறுபடி திட்டத்திலிருந்து நீக்கின. அதே 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து லுவாங் பிரபாங் வழியே வியன்டியானுக்கு ரயில் ஓடத் தொடங்கி, லுவாங் பிரபாங்குக்கும் வியன்டியானுக்கும் இடையே மலைச்சாலையில் ஒரு பகல் பிடித்த தூரத்தை இரண்டு மணி நேரமாக்கியது. 2025 ஜூனில் தாய்லாந்து தன் கம்போடிய எல்லைச் சாவடிகளைப் பயணிகளுக்கு மூடியது. ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் ஐந்து நாள் மோதிக்கொண்டன. பாங்காக்கிலிருந்து பாய்பெட் வழியே அங்கோர் போகும் தரைவழி அதோடு அறுபட்டது. அங்கோரைத் திட்டத்தில் வைத்திருந்தவர்கள் விமானத்தில் போகவோ, லாவோஸ் அல்லது வியட்நாம் பக்கமிருந்து நுழையவோ வேண்டியதாயிற்று.